வாட் எண் சொல்லாத தரம்

புக்கிட் பிந்தாங்கின் லோ யாட் பிளாசாவிலும் பிரிக்ஃபீல்ட்ஸ், கிள்ளான் வட்டாரக் கணினிக் கடைகளிலும் பவர் சப்ளை வாங்க வருவோர் முதலில் பார்ப்பது அட்டையில் அச்சிட்ட வாட் எண்ணைத்தான். வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட் நேர்திசை மின்சாரமாக மாற்றித் தரும் இப்பெட்டி எவ்வளவு சுமையைத் தாங்கும் என்று தயாரிப்பாளர் கூறுவதே அந்த எண்; எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதையோ உள்ளிருக்கும் பாகங்களே தீர்மானிக்கின்றன.

அவற்றுள் முதலில் கவனிக்க வேண்டியது, மின்னூட்டத்தைத் தேக்கிவைத்துச் சீராக விடுவிக்கும் கெப்பாசிட்டர், அதாவது மின்தேக்கி. இதன் அலுமினிய உருளைக்குள் இருக்கும் மின்பகுதிரவம் வெப்பத்தால் மெல்ல உலர, தேக்கும் திறன் குறைந்து, அகத்தடை கூடி, வெளியேறும் மின்னழுத்தத்தில் அலைவு மிகுகிறது. உருளையின் உறையில் 85 அல்லது 105 பாகை செல்சியஸ் என அச்சிட்டிருக்கும்; வெப்பம் 10 பாகை குறையுந்தோறும் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பொறியாளர்களின் கணக்கு. இரண்டுமே தத்தம் உச்ச வெப்பத்தில் 2,000 மணி நேரம் உழைப்பவை என்று கொண்டால், பெட்டியினுள் 65 பாகை நிலவும்போது முதலாவது 8,000 மணி நேரமும் இரண்டாவது 32,000 மணி நேரமும் தாங்கும். இடைவிடாது இயங்கும் கணினியில் இது ஓராண்டுக்கும் குறைவான ஆயுளுக்கும் மூன்றரை ஆண்டுக்கும் உள்ள வேறுபாடு.

பெட்டி எத்தனை ஆண்டு உழைக்கும் என்ற கேள்விக்கு 2004இல் தொடங்கிய 80 பிளஸ் முத்திரையும் விடை தருவதில்லை. அது முதன்மையாக மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதையே அளக்கிறது, அதுவும் ஏறத்தாழ 23 பாகை அறைவெப்பத்தில். கிள்ளான் பள்ளத்தாக்கின் நண்பகலோ 32 பாகையைத் தாண்டுவது வழக்கம்.

ஆண்டின் பல மாதங்களில் மாலை இடிமழை பெய்யும் இந்நிலப்பகுதியில் மின்சாரம் நுழையும் வாயிலும் அதே அளவு முக்கியமானது. மின்னழுத்தம் திடீரென எகிறும்போது அதைத் தன்மேல் ஏற்றுக்கொள்ளும் வேரிஸ்டர் என்னும் சிறு வில்லையும், இரைச்சலை வடிகட்டும் கம்பிச்சுருள்களும் அங்கே இருக்க வேண்டும். செலவைக் குறைக்க விரும்பும் தயாரிப்பாளர்கள் முதலில் கைவைப்பது இவற்றில்தான். மின்சுற்றுப் பலகையில் அவற்றுக்கென விட்ட துளைகள் காலியாகவோ, வெறும் கம்பியால் இணைக்கப்பட்டோ கிடப்பதைக் காற்றுத் துளைகளின் வழியே விளக்கடித்துப் பார்த்தால் சில பெட்டிகளில் காணலாம்.

ஆனால் பெட்டியைத் திறந்து பார்ப்பது வேண்டாத ஆபத்து: இணைப்பைத் துண்டித்த பின்னும் முதன்மை மின்தேக்கியில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும். பிரித்துச் சோதித்தவர்கள் வெளியிட்ட ஆய்வுகளைப் படித்து, மின்தேக்கியின் வெப்ப அளவையும் வேரிஸ்டர் உண்டா என்பதையும் கடைக்காரரிடம் கேட்டுத் தெளிந்த பிறகே வாசகர்கள் பணம் செலுத்த வேண்டும்.