கோல் போட்டவரும் பந்து கொடுத்தவரும்

முண்டியம்பாக்கத்தில் பனிக்கட்டியைக் கண்ணால் காண வேண்டுமானால் சர்பத் கடைக்குத்தான் போக வேண்டும். அப்பேர்ப்பட்ட ஊரின் ரயில் நிலையத்தில் உட்கார்ந்துகொண்டு, பனிக்கட்டித் தரையின்மேல் ஆடும் ஹாக்கியைப் பற்றி இருவர் வாதாடினார்கள் என்றால் நேயர்கள் நம்புவது கடினந்தான். ஆயினும் விழுப்புரம் வண்டிக்காக நாம் காத்திருந்த ஒரு மாலையில் அந்த விவாதத்தை நம்முடைய இரு காதுகளாலும் கேட்டோம்.

ஒருவர் ஆலை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர். மற்றவன் கல்லூரியில் படிக்கும் அவருடைய மருமகப் பிள்ளையாண்டான். கையில் கைப்பேசி, அதில் ஏதோ கணக்கு.

"தொடர்ந்து 51 ஆட்டம், மாமா! ஒன்றில்கூட வெறுங்கையோடு திரும்பவில்லை. உங்கள் தியான் சந்த் இப்படிச் செய்ததுண்டா?"

"எங்கள் தியான் சந்த் 43 ஆட்டத்தில் 201 கோல் போட்டவரடா. உன் ஆள் எத்தனை போட்டான்?"

"61."

"61க்கும் 201க்கும் வித்தியாசம் தெரியாமலா உன்னைக் காலேஜுக்கு அனுப்பியிருக்கிறோம்?"

இவ்வளவில் வண்டி வந்துவிட்டது. அவர்கள் ஒரு பெட்டியிலும் நாம் ஒரு பெட்டியிலுமாக ஏறிக்கொண்டோம். விவாதம் மட்டும் நம்மோடு வீட்டுக்கு வந்து, இரண்டு மூன்று நாள் தூக்கத்தைக் கெடுத்தது. இருவரும் சொன்ன எண்கள் சரியானவை. ஆனால் அவற்றை ஒரே தராசில் நிறுக்க முடியுமா என்பதே கேள்வி.

பையன் சொன்னவர் கனடா தேசத்து வேய்ன் கிரெட்ஸ்கி. பனிக்கட்டி ஹாக்கியில் கோஷ்டிக்கு ஆறு பேர். காலில் சறுக்குக் கத்திகள். பந்துக்குப் பதில் ரப்பர் வட்டு. 1983 அக்டோபர் முதல் 1984 ஜனவரி வரை, எட்மண்டன் கோஷ்டிக்காக ஆடிய கிரெட்ஸ்கி தொடர்ச்சியாக 51 ஆட்டங்களில் புள்ளி பெற்றார். "புள்ளி" என்ற சொல்லை நேயர்கள் கவனிக்க வேண்டும். அந்த விளையாட்டின் கணக்குப் புத்தகத்தில் கோல் போட்டவருக்கு ஒரு புள்ளி. அதற்கு வட்டைத் தள்ளிக் கொடுத்தவருக்கும் ஒரு புள்ளி. அவருக்கு முன் தள்ளியவருக்குங்கூட ஒரு புள்ளி உண்டு. அந்த 51 ஆட்டங்களில் கிரெட்ஸ்கி பெற்றவை 153 புள்ளிகள். கோல்கள் 61, மீதி 92 புள்ளிகளும் பிறர் போட்ட கோலுக்கு வழி செய்து கொடுத்ததற்காகக் கிடைத்தவை. அவருக்கு அடுத்தபடியாக மாரியோ லெமியூ என்பவர் 1989-90இல் 46 ஆட்டங்கள் வரை வந்து, முதுகுவலியால் நின்றுபோனார். கோலை மட்டும் எண்ணினாலோ கதை வேறு. தொடர்ந்து 16 ஆட்டங்களில் கோல் போட்ட சாதனை 1921-22இல் பன்ச் பிராட்பெண்ட் என்பவர் செய்தது. நூறாண்டு கடந்தும் அதை ஒருவரும் முறியடிக்கவில்லை.

ஆகவே 51 என்ற எண்ணில் கொடுத்தவரின் பங்கும் அடங்கியிருக்கிறது. 201 என்ற எண்ணில் போட்டவரின் பங்கு மட்டுமே இருக்கிறது. பெரியவரும் பையனும் கத்தரிக்காயையும் துணியையும் ஒரே படியால் அளந்துகொண்டிருந்தார்கள்!

நமது தேசத்து ஹாக்கிக்கு வருவோம். 1928இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் நம்மவர் ஐந்து ஆட்டங்களில் 29 கோல் போட்டார்கள், ஒன்றுகூட வாங்கவில்லை. அந்த 29இல் 14 தியான் சந்துடையவை. 1932இல் லாஸ் ஏஞ்சல்ஸ். உலகமெங்கும் பண நெருக்கடி. கடல் கடந்து அவ்வளவு தூரம் போக எந்தத் தேசத்தாரிடமும் காசில்லை. ஹாக்கிக்கு வந்தவை மூன்றே கோஷ்டிகள். ஜப்பானை 11-1 என்றும், அமெரிக்காவை 24-1 என்றும் வென்றோம். அமெரிக்காவுக்கு எதிராக மட்டும் தியான் சந்தின் தம்பி ரூப் சிங் பத்துக் கோல், அண்ணன் எட்டுக் கோல். இரு ஆட்டங்களையும் சேர்த்துத் தம்பிக்கு 13, அண்ணனுக்கு 12. அப்படியானால் தம்பியே பெரிய ஆட்டக்காரர் என்று தீர்ப்பெழுதிவிடலாமா?

அங்கேதான் நமக்குத் தயக்கம் உண்டாகிறது. அண்ணன் நடுவில் ஆடியவர். தம்பி அவருக்கு இடப்பக்கத்தில் ஒட்டி ஆடியவர். தம்பியின் பதின்மூன்றில் எத்தனை, அண்ணன் மட்டையிலிருந்து நழுவி வந்த பந்து? அண்ணனுடைய பன்னிரண்டில் எத்தனை, தம்பி விட்டுக்கொடுத்தது? கனடாக்காரர்கள் எழுதியதைப்போல் நாமும் ஒரு பத்தி கூடுதலாக எழுதி வைத்திருந்தால் இன்று விடை சொல்லியிருப்போம். அதை யாரும் குறித்து வைக்கவில்லை.

இந்த 24-1 என்ற எண்ணைக் கண்டு நாம் மிகவும் மயங்கிவிடவும் கூடாது. கனடாவிலும் இதே கதைதான். 1917-18இல், அவர்களுடைய பெரிய லீக் தொடங்கிய முதல் ஆண்டில், ஜோ மலோன் என்பவர் 20 ஆட்டங்களில் 44 கோல் போட்டார். எதிரி பழகாத காலத்தில் கோல்கள் மழையாகப் பொழிவது எந்த விளையாட்டிலும் இயற்கை. பெரியவர் பெருமையோடு சொன்ன 201 கோலும் 1935இல் நியூசிலாந்து, ஆஸ்திரேலியா சுற்றுப்பயணத்தில் வந்தவை. அந்தப் பயணத்தில் நம்மவர் 48 ஆட்டங்களில் போட்ட கோல்கள் 584, வாங்கியவை 40. தியான் சந்த் ஆடியவை 43. ஆட்டம் ஒன்றுக்கு ஏறக்குறைய ஐந்து கோல் வீதம் ஒருவர் மாதக்கணக்கில் போட்டுக்கொண்டே போனார் என்பதை நினைத்தால் தலை சுற்றுகிறது. ஆனால் எதிரே நின்றவர்களில் பலர் உள்ளூர்க் கோஷ்டிகள் என்பதையும் மறைப்பதற்கில்லை.

வேறொரு விதமாகப் பார்ப்போம். பள்ளிக்கூடத்தில் பின்னக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் பழக்கம் நம்மை விடாது. ஒருவர் போட்டது கோஷ்டியின் மொத்தத்தில் எத்தனை பங்கு? 1935இல் தியான் சந்தின் பங்கு மூன்றில் ஒன்றுக்குச் சற்று மேல். 1928இல் பாதிக்குச் சற்றுக் குறைவு. 1980இல் மாஸ்கோவில், நம் சென்னை வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் தங்கம் வென்றபோது, சுரிந்தர் சிங் ஸோடி 15 கோல் போட்டார். கோஷ்டியின் மொத்தம் 43. அதாவது மூன்றில் ஒன்றுக்குச் சற்று மேல். அதிலும் டான்ஸானியாவுக்கு எதிராகப் பதினெட்டும் க்யூபாவுக்கு எதிராகப் பதின்மூன்றும் அந்த மொத்தத்தில் சேர்ந்தவை. 2024இல் பாரிஸில் ஹர்மன்பிரீத் சிங் எட்டு ஆட்டங்களில் பத்துக் கோல். கோஷ்டியின் மொத்தம் 15. இது மூன்றில் இரண்டு! ஆனால் இக்காலத்து ஆட்டத்தில் பெனால்டி கார்னர் என்பது தனி வித்தையாகிவிட்டது. அதை ஒருவரிடமே ஒப்படைக்கிறார்கள். கணக்கு அவர் பக்கம் குவிவதில் வியப்பில்லை.

இந்த வரிசையில் நம்மைத் திடுக்கிட வைத்தவர் ஒருவர் உண்டு. அவர் பல்பீர் சிங்.

1948இல் லண்டன் ஒலிம்பிக். சுதந்திரம் வந்து ஓராண்டு முடியவில்லை. அர்ஜெண்டைனாவுக்கு எதிராக முதன்முதலில் களம் இறங்கிய பல்பீர் ஆறு கோல் போட்டார். நம்மவர் 9-1 என்று வென்றார்கள். இவ்வளவு செய்தவரை அடுத்த ஆட்டங்களில் வெளியே உட்கார வைத்துவிட்டார்கள்! லண்டனிலிருந்த இந்திய மாணவர்கள் ஹை கமிஷனர் வி. கே. கிருஷ்ண மேனனிடம் முறையிட்ட பிறகே அவர் மறுபடி களம் கண்டார் என்று சொல்வார்கள். ஆகஸ்டு 12ஆம் தேதி, வெம்ப்ளியில் பிரிட்டனுக்கு எதிராக இறுதிப் பந்தயம். முதல் இரண்டு கோலும் பல்பீருடையவை, முடிவு 4-0. இருநூறு ஆண்டு நம்மை ஆண்டவர்களின் தலைநகரில், அவர்களுடைய கண்ணெதிரே, நமது மூவர்ணக் கொடி ஏறியது. அந்த இரண்டு கோலை 24-1இல் உள்ள எந்த இரண்டோடும் சேர்த்து எண்ண நமக்கு மனம் வரவில்லை.

1952இல் ஹெல்ஸிங்கி. ஆஸ்திரியாவுக்கு எதிராக ஒரு கோல். அரை இறுதியில் மறுபடி பிரிட்டன். மூன்று கோலும் பல்பீருடையவை. இறுதியில் ஹாலந்து, நம்மவர் போட்ட ஆறில் ஐந்து அவருடையவை. ஆண்களுக்கான ஒலிம்பிக் இறுதி ஆட்டத்தில் அதற்குமேல் ஒருவரும் போட்டதில்லை. மொத்தம் 13இல் ஒன்பது. 1956இல் மெல்போர்னில் அவரே தலைவர். முதல் ஆட்டத்தில் ஆப்கானிஸ்தானத்துக்கு எதிராக ஐந்து கோல் போட்டார். அதே ஆட்டத்தில் வலக்கை விரல் முறிந்தது. பிறகு அரை இறுதியிலும் இறுதியிலும் அந்த விரலோடு ஆடித் தங்கம் பெற்றுத் தந்தார், கோல் போடவில்லை.

நேயர்கள் ஒரு காகிதத்தை எடுத்துக் கூட்டிப் பார்க்கலாம். 6, 2, 1, 3, 5, 5. எட்டு ஆண்டு இடைவெளியில், மூன்று ஒலிம்பிக்கில், தாம் இறங்கிய ஆறு ஆட்டங்களில் தொடர்ச்சியாக 22 கோல்! அவற்றில் இரண்டு இறுதிப் பந்தயங்களும் ஓர் அரை இறுதியும் அடக்கம்.

அப்படியானால் பல்பீரே உச்சம் என்பது நம் அபிப்பிராயமா? கோலை மட்டும் எண்ணினால், ஆம். தயக்கமின்றிச் சொல்வோம். ஆனால் தியான் சந்தைக் கோலைக்கொண்டு மட்டும் அளக்க நாம் இசையவில்லை. 1936 பெர்லினை எடுத்துக்கொள்ளுங்கள். போட்டி தொடங்கும் முன் நடந்த பயிற்சி ஆட்டத்தில் ஜெர்மனி நம்மை 4-1 என்று தோற்கடித்திருந்தது. ஆகஸ்டு 15ஆம் தேதி இறுதிப் பந்தயத்துக்கு முன், உடை மாற்றும் அறையில் நிர்வாகி பங்கஜ் குப்தா காங்கிரஸ் மூவர்ணக் கொடியை வெளியே எடுக்க, எல்லோரும் அதற்கு வணக்கம் செலுத்திவிட்டுக் களம் இறங்கினார்கள். முற்பாதியில் ஒரே கோல். பிற்பாதியில் ஏழு. தியான் சந்த் பாதத்திலிருந்த ஆணிச் சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டு ஆடினார். 8-1 என்று முடிந்தது. அந்த எட்டில் அவருடையவை மூன்று என்று சில புத்தகங்கள். ஆறு என்று வேறு சில. இத்தனை புகழ் பெற்ற ஒரு பந்தயத்தில், இத்தனை பெரிய ஆட்டக்காரரின் கோல்களைக்கூட ஒழுங்காக எழுதி வைக்காத தேசம் நம்முடையது!

பழங்காலக் கதை என்று இதை ஒதுக்கிவிட வேண்டாம். தன்ராஜ் பிள்ளை நம் தமிழ்ப் பெற்றோரின் பிள்ளை. புணேயை அடுத்த கட்கியில் பிறந்தவர். 1989 முதல் 2004 வரை தேசத்துக்காக ஆடியவர். நான்கு ஒலிம்பிக், நான்கு உலகக் கோப்பை, 339 ஆட்டங்கள். அவர் போட்ட கோல் எத்தனை? சுமார் 170 என்கிறார்கள். "சுமார்" என்றால் என்ன அர்த்தம்? ஹாக்கி சம்மேளனம் அதிகாரபூர்வமான கணக்கு வைத்திருக்கவில்லை என்று அர்த்தம். கோலுக்கே இந்தக் கதி என்றால், வலப்புறமும் இடப்புறமும் காற்றாய்ப் பறந்து அவர் பிறருக்குக் கொடுத்த பந்துகளை யார் எண்ணியிருக்கப் போகிறார்கள்? கிரெட்ஸ்கி தம் வாழ்நாளில் கொடுத்தவற்றை 1,963 என்று ஒன்று பிசகாமல் அவர்கள் தேசத்தில் சொல்கிறார்கள். அவர் போட்ட கோல் அத்தனையையும் தள்ளிவிட்டாலும், புள்ளிக் கணக்கில் அவரே இன்றும் முதலில் நிற்கிறார். எழுதி வைத்ததால் தெரிந்த உண்மை இது.

அடுத்த வாரம் அதே வண்டிக்குப் போனபோது பெரியவரை மறுபடி கண்டோம். மருமகன் கூட இல்லை. நாம் கூட்டிப் பார்த்த 6, 2, 1, 3, 5, 5 என்பதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தோம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"ஸார், ஹெல்ஸிங்கியில் பாபுதானே காப்டன்? அந்த அஞ்சில் பாபு கொடுத்த பந்து எத்தனை?"

நமக்குத் தெரியவில்லை என்றோம். அவர் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பையன் வந்ததும் அவனைக் கேட்கச் சொல்கிறேன் என்றார்.