செயின்ட்-காடென்ஸ் இரட்டைக் கழுகு
செயின்ட்-காடென்ஸ் இரட்டைக் கழுகு என்பது 1907 முதல் 1933 வரை ஐக்கிய அமெரிக்காவில் அச்சிடப்பட்ட 20 டாலர் தங்க நாணயம் ஆகும். அதிபர் தியோடோர் ரோசவெல்ட்டின் வேண்டுகோளின்படி சிற்பி அகஸ்டஸ் செயின்ட்-காடென்ஸ் இதனை வடிவமைத்தார். முன்புறத்தில் தீப்பந்தம் ஏந்திய விடுதலை மங்கையும் பின்புறத்தில் பறக்கும் கழுகும் உள்ளன. எடை 33.436 கிராம், இதில் 90 விழுக்காடு தங்கம், எஞ்சியது செம்பு.

1933 இல் அதிபர் பிராங்க்ளின் ரோசவெல்ட்டின் ஆணைப்படி மக்கள் தங்க நாணயங்களை ஒப்படைக்க வேண்டியதாயிற்று. சேகரிப்பாளர்களின் அரிய நாணயங்களுக்கு விலக்கு இருந்தது. திரண்டவை பின்னர் உருக்கப்பட்டுக் கட்டிகளாயின. எனவே, அச்சிட்ட எண்ணிக்கையை விட உருக்குலைக்குத் தப்பிய எண்ணிக்கையே இந்நாணயங்களின் அருமையைத் தீர்மானிக்கிறது. எடுத்துக்காட்டாக, 1927 இல் டென்வர் நாணயச்சாலை அச்சிட்ட 1,80,000 நாணயங்களுள் இருபதுக்கும் குறைவானவையே இன்று அறியப்பட்டுள்ளன. ஆண்டுக்கு மேலே பொறித்த ‘டி’ எழுத்தே அவற்றின் அடையாளம்.