காலையில வண்டி ஸ்டார்ட் ஆகலையா? லோன் போடறதுக்கு முன்னாடி இந்த 350 ரூபாய் கதையைப் படிங்க



போன தை மாசம், விடியக்காலை அஞ்சரை மணி. கிணத்துக்கடவுல இருந்து மாமா போன்.

"மாப்ள, ஒரு எட்டு லட்சம் லோன் போட்டா மாசம் எவ்வளவு கட்டோணும்?"

அந்த நேரத்துல யாரும் ஆசைக்காக லோன் கேட்க மாட்டாங்க. விசாரிச்சா, வண்டி ஸ்டார்ட் ஆகலை. அந்த மாசத்துல அது மூணாவது தடவை.

மாமாகிட்ட ஒரு சின்ன டீசல் சரக்கு வண்டி இருக்கு. கிணத்துக்கடவு தக்காளியை ஏத்திட்டு கோவை எம்.ஜி.ஆர். மார்க்கெட்டுக்கு வரணும். நாலு மணிக்குக் கிளம்பினாத்தான் சரியா இருக்கும். நேரம் தப்பினா தக்காளிக்கு விலை இறங்கும், விவசாயி வேற வண்டியைக் கூப்பிட்டுக்குவாரு. மூணு நாள் வராத வண்டிக்கு நாலாவது நாள் போன் வராது. மாமாவோட பயம் அதுதான்.

"பழைய வண்டியைத் தள்ளி விட்டுட்டு புதுசு எடுத்துடலாம்னு இருக்கேன். ஷோரூம்ல பேசிட்டேன்"னு சொன்னாரு. இத்தனைக்கும் அந்த வண்டிக்கு இஎம்ஐ முடிஞ்சே ரெண்டு வருஷம் ஆச்சு. சம்பாதிக்கறது முழுசும் கையில நிக்கற காலம் அது.

முதல்ல கணக்கைப் பார்ப்போம்

8 லட்சம் கடன், 11% வட்டி, 5 வருஷம். இஎம்ஐ சுமார் 17,400 ரூபாய். மொத்தமா கட்டறது சுமார் 10.44 லட்சம். வட்டி மட்டுமே கிட்டத்தட்ட 2.44 லட்சம். டவுன் பேமெண்ட், இன்சூரன்ஸ், ரிஜிஸ்ட்ரேஷன் எல்லாம் தனி.

இந்த முடிவுக்கு ஆதாரம் என்னன்னு கேட்டேன். ஆடிட் பண்ற புத்தி, விடாதே! "வண்டி காலையில எடுக்க மாட்டேங்குது." அவ்வளவுதான். ஏன் எடுக்கலைன்னு அதுவரைக்கும் யாருமே கண்டுபிடிக்கலை.

ஆனா செலவு மட்டும் நடந்திருக்கு. முதல் தடவை நின்னப்போ ஒரு கடையில பேட்டரி போச்சுன்னு சொல்லி புதுசு மாத்தினாங்க. பழைய பேட்டரியைக் கழிச்சது போக 6,200 ரூபாய். பத்து நாள் கழிச்சு மறுபடியும் நின்னுச்சு. இந்தத் தடவை செல்ஃப் மோட்டார் புஷ் தேய்ஞ்சிருக்குன்னு 3,400 ரூபாய். வண்டி ஓடாத மூணு நாள் வாடகை, நாளுக்கு 2,200 வீதம் 6,600 ரூபாய். ஆக மொத்தம் 16,200 போயாச்சு. மூணாவது தடவை நின்னதும் லோன் பேச்சு வந்துடுச்சு.

"சாவி திருப்புனா என்ன சத்தம் வருதுங்க மாமா?"

எனக்கு மெக்கானிக் வேலை தெரியாது. ஆனா அம்மா வழிச் சொந்தம், மனசு கேட்கலை. ஞாயித்துக்கிழமை, எனக்குத் தெரிஞ்ச வயசான ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருத்தரை விடியறதுக்கு முன்னாடியே கூட்டிட்டுப் போனேன். காலைல எடுக்காத வண்டியைக் காலைலதான் பார்க்கணும்னு அவர் கண்டிப்பா சொல்லிட்டாரு. மதியம் சூடா இருக்கற வண்டியைப் பார்த்தா நோய் தெரியாதாம்.

அவர் பானெட்டைக்கூடத் தொடலை. முதல்ல சாவியைத் திருப்பச் சொல்லிக் காதைக் கொடுத்தாரு. ஊ...ஊ...ன்னு இழுத்துச்சு, இன்ஜின் சோம்பலா சுத்துச்சு, பிடிக்கலை.

அடுத்து மல்டிமீட்டரை பேட்டரியில வெச்சாரு. 12.5 வோல்ட். மறுபடியும் சாவி. செல்ஃப் சுத்தும்போது 10.8. "பேட்டரியில குத்தமே இல்லீங்க. கரண்ட் இருக்குது, போய்ச் சேரலை"ன்னாரு.

அப்புறம் ஒரு ஜம்பர் கேபிளை எடுத்து, ஒரு முனையை பேட்டரி மைனஸ்ல மாட்டி, இன்னொரு முனையை நேரா இன்ஜின் இரும்புல கடிக்க விட்டாரு. சாவியைத் திருப்புனதும் வண்டி படக்குனு எடுத்துச்சு. மாமா என்னைப் பார்த்தாரு, நான் அவரைப் பார்த்தேன்.

பேட்டரி மைனஸ்ல இருந்து இன்ஜினுக்கும் சேஸிஸுக்கும் போற எர்த் கேபிள், போல்ட் மாட்டற இடத்துல துருப்பிடிச்சு உள்ளே நார் நாரா அறுந்திருந்துச்சு. தினமும் தக்காளித் தண்ணி, சேறு, வாட்டர் வாஷ். இத்தனை வருஷம் ஒருத்தரும் அதைக் குனிஞ்சு பார்க்கலை. புது கேபிள் 350 ரூபாய், அவர் கூலி 500. வண்டி அன்னிக்கு எடுத்ததுதான், இன்னிக்கு வரைக்கும் ஒரு காலை கூட நிக்கலை.

வருத்தம் என்னன்னா, எக்ஸ்சேஞ்சுல குடுத்த பழைய பேட்டரி அனேகமா நல்ல பேட்டரிதான். அதைத் திருப்பி வாங்க முடியாது.

பகல்ல ஓடுற வண்டி காலைல மட்டும் ஏன் நிக்குது?

ராத்திரி முழுக்க நின்ன இன்ஜின்ல ஆயில் கெட்டியா இருக்கும். சுத்தறதுக்கு அதிக கரண்ட் வேணும். அதே நேரத்துல குளிர்ல பேட்டரியோட பலமும் குறையும். தேவை ஜாஸ்தி, வரத்து கம்மி. அந்த நேரத்துலதான் இருக்கறதுலயே வீக்கான பாகம் வெளியே தெரியும். பகல்ல சூடான இன்ஜின் லேசா சுத்திடும், குறை மறைஞ்சுக்கும்.

இன்னொரு விஷயம். நம்ம கோவையில பனி பேட்டரியைக் கொல்ற அளவுக்கு வராது. ஊட்டிக்காரங்க கதை வேற. நம்ம ஊர்ல பேட்டரியைத் தின்கிறது பங்குனி, சித்திரை வெயில்தான். வெயில்ல கெட்டது, மார்கழியிலதான் வெளியே தெரியும்.

காசு செலவு பண்றதுக்கு முன்னாடி காதால கேளுங்க

அன்னிக்கு அவர் சொன்னதை நோட் பண்ணிக்கிட்டேன். உங்களுக்காக:

1. சத்தமே இல்லை, டேஷ்போர்டு லைட்டும் இல்லை: டெர்மினல் கழண்டிருக்கலாம், மெயின் ஃபியூஸ் போயிருக்கலாம், பேட்டரி சுத்தமா இறங்கியிருக்கலாம்.

2. லைட் நல்லா எரியுது, செல்ஃப் மட்டும் சத்தமில்லை: ரிலே, கிளட்ச் சுவிட்ச், ஆட்டோமேட்டிக் காருன்னா கியர் "பி"-ல இருக்கான்னு பாருங்க. பைக்னா கில் சுவிட்சும் சைடு ஸ்டாண்டும். இதுக்காக மெக்கானிக்கை வரவழைச்சு 300 ரூபாய் குடுத்தவங்க எனக்கே தெரியும்!

3. டக் டக் டக்: பேட்டரி சார்ஜ் கம்மி, இல்லேன்னா டெர்மினல்ல வெள்ளையும் பச்சையுமா பூத்துப் போயிருக்கு. சுடுதண்ணி, பழைய பிரஷ், பத்து நிமிஷ வேலை. கேபிளைக் கழட்டும்போது மைனஸ் முதல்ல, மாட்டும்போது மைனஸ் கடைசியில.

4. ஊ...ஊ...ன்னு மெதுவா சுத்துது: பேட்டரி, பிளஸ் கேபிள், எர்த் கேபிள், அப்புறம்தான் செல்ஃப் மோட்டார். இந்த வரிசை முக்கியம்.

5. நல்லா வேகமா சுத்துது, ஆனா பிடிக்கலை: பேட்டரியை விட்டுடுங்க, அது தன் வேலையைச் செஞ்சிருச்சு. டீசல் வண்டின்னா ஹீட்டர் பிளக், ஃபில்டர்ல தண்ணி, லைன்ல ஏர். ஹேண்ட் பம்ப் இருக்கற வண்டியில பம்ப் அடிச்சதும் எடுத்துச்சுன்னா ராத்திரி எங்கேயோ ஏர் இழுக்குதுன்னு அர்த்தம். பெட்ரோல் வண்டின்னா ஸ்பார்க் பிளக், ஃபியூயல் பம்ப். 2020 ஏப்ரல்ல பிஎஸ்-6 வந்ததுக்கு அப்புறம் பெரும்பாலான பைக்லயும் சோக் போய் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வந்துடுச்சு. சாவியைப் போட்டதும் ரெண்டு செகண்டு மெல்லிசா ஒரு பம்ப் சத்தம் வரணும். அது வந்ததுக்கு அப்புறம் செல்ஃப் அடிங்க.

எதுவா இருந்தாலும் செல்ஃபை 10 செகண்டுக்கு மேல பிடிச்சு அடிக்காதீங்க. அரை நிமிஷம் விட்டு அடுத்தது அடிங்க. பதட்டத்துல விடாம அடிச்சுத்தான் நல்ல செல்ஃப் மோட்டாரும் எரியுது.

400 ரூபாய் மல்டிமீட்டர்

அன்னிக்கே நான் ஒண்ணு வாங்கினேன். மூணு எண் தெரிஞ்சாப் போதும். ராத்திரி முழுக்க நின்ன வண்டியில பேட்டரி 12.6 வோல்ட் காட்டினா ஃபுல், 12.2 சுமாரா பாதி, 12-க்குக் கீழே போனா காலி. செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தா பேட்டரி பலவீனம். வண்டி ஓடும்போது 13.8 முதல் 14.5 வரைக்கும் வரணும். வரலைன்னா ஆல்டர்நேட்டர் சார்ஜ் ஏத்தலை. அப்போ புது பேட்டரி போட்டாலும் நாலு நாள்ல நிக்கும்.

ராத்திரி ஃபுல், காலைல காலின்னா ஏதோ ஒண்ணு கரண்டைத் திருடுது. பின்னாடி மாட்டின மியூசிக் சிஸ்டம், டேஷ் கேமரா, ஜிபிஎஸ். என் கார்லயே டேஷ் கேமராவை நேரா பேட்டரியில குடுத்திருந்தாங்க. அது தெரியாம பேட்டரி மாத்தின புத்திசாலி நான்தான். அதனால மாமாவைப் பார்த்து சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை.

இப்போ சிஏ வேலை: பில், வாரண்டி, டேக்ஸ்

*வாரண்டி:* பேட்டரியில 48 மாசம்னு போட்டிருந்தா முழுசும் ஃப்ரீ ரீப்ளேஸ்மென்ட்னு நினைக்காதீங்க. முதல் பாதி இலவச மாற்று, அடுத்த பாதி விலையில கொஞ்சம் தள்ளுபடின்னு பிரிச்சிருப்பாங்க. கார்டைப் படிங்க. வாரண்டியில மாத்திக் குடுத்த பேட்டரிக்குப் பெரும்பாலும் மிச்சம் இருக்கற மாசம்தான் கிடைக்கும், புதுசா ஆரம்பிக்காது. பில்லும் தேதி போட்ட கார்டும் இல்லேன்னா எதுவும் கிடைக்காது. வாங்கின அன்னிக்கே போன்ல போட்டோ எடுத்து வைங்க.

*ஜிஎஸ்டி:* 2025 செப்டம்பர் 22-ல இருந்து வண்டி பேட்டரி, உதிரி பாகங்களுக்கு 18%. முன்னாடி 28% இருந்துச்சு. 5,000 ரூபாய் அடிப்படை விலைன்னா 6,400-க்கு வந்தது இப்போ 5,900. சரக்கு வண்டி வெச்சு ஜிஎஸ்டி கட்டற தொழில் பண்றவங்க பேட்டரி, ரிப்பேர் பில்லுக்கு இன்புட் கிரெடிட் எடுக்கலாம். சொந்த உபயோகத்துக்கு ஓட்டற காருக்கு அது கிடையாது. ரெண்டையும் கலந்துடாதீங்க.

*வருமான வரி:* மாமா மாதிரி 10 சரக்கு வண்டிக்கு மேல இல்லாதவங்க, 12 டன்னுக்கு உட்பட்ட ஒவ்வொரு வண்டிக்கும் மாசம் 7,500 ரூபாய் லாபம்னு கணக்குக் காட்டி வரி தாக்கல் பண்ணலாம். நோட்டுப் புத்தகம் எழுதற தொல்லை இல்லை. ஆனா இந்த முறையில ரிப்பேர் செலவைத் தனியாக் கழிக்க முடியாது. தேவையில்லாம மாத்தின ஒவ்வொரு பேட்டரியும் நேரா உங்க பாக்கெட்ல இருந்துதான் போகுது.

அப்போ எப்போதான் புது வண்டி?

வாங்கவே கூடாதுன்னு நான் சொல்லலை. ஒரு வருஷத்து இஎம்ஐ, நம்ம கணக்குல சுமார் 2.09 லட்சம். பழைய வண்டியோட ஒரு வருஷ ரிப்பேரும், ஓடாத நாள் நஷ்டமும் சேர்ந்து அதை நெருங்கினா புதுசைப் பத்தி யோசிக்கலாம். இன்ஜின் கம்ப்ரஷன் போயிருந்தாலோ, எஃப்சிக்குக் காட்டவே பெரிய செலவு வந்தாலோ யோசிக்கலாம். மூணு நாள் காலைல எடுக்கலைங்கறது அந்தக் கணக்குல வராது.

மாமாவுக்கு ஒரே ஒரு பழக்கம் சொல்லிக் குடுத்தேன். ஓட்டற ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒரு ரூபாய் தனி அக்கவுண்ட்ல போடணும். நாளுக்கு 80 கிலோமீட்டர், மாசம் 25 நாள். 2,000 ரூபாய் சேரும், வருஷத்துக்கு 24,000. ரிப்பேர் வந்தா அதுல இருந்து. வரலைன்னா அடுத்த வண்டியோட டவுன் பேமெண்ட் அதுதான்.

ஜி.டி. நாயுடு 1920-ல ஒரே ஒரு பஸ்ஸோட இதே பொள்ளாச்சி பக்கத்துல, பழனிக்கு ஓட்டித்தான் தொழிலை ஆரம்பிச்சாரு. ஒரே வண்டி வெச்சிருக்கறவங்களுக்கு அது ஒரு நாள் நின்னா அன்னிக்கு மொத்தத் தொழிலும் லீவு. அந்தப் பயம் நியாயமானது. ஆனா பயத்துல, விடியக்காலை அஞ்சரை மணிக்கு, அஞ்சு வருஷக் கடன் முடிவை எடுக்காதீங்க. முதல்ல காரணத்தைக் கண்டுபிடிங்க. காசு செலவில்லாததை முதல்ல, நூறு ரூபாய் வேலையை அடுத்து, ஆயிரத்தை அப்புறம், லட்சத்தைக் கடைசியில பாருங்க.

மாமா போன வாரம் மறுபடியும் அதிகாலையில கூப்பிட்டாரு. நெஞ்சு திக்குன்னுச்சு.

"என்னங்க மாமா, வண்டி எடுக்கலீங்களா?"

"எடுத்து மார்க்கெட்டே வந்து சேர்ந்துட்டேன் மாப்ள. தக்காளி ஒரு கூடை வெச்சிருக்கேன், வந்து வாங்கிக்கோ."

இன்னிக்கு சாயங்காலமே உங்க வண்டி பானெட்டைத் தூக்கி டெர்மினலையும் எர்த் கேபிளையும் ஒரு தடவை பார்த்துடுங்க. மல்டிமீட்டரை எங்கே எப்படி வைக்கணும்னு நம்ம சேனல்ல வீடியோவா போடறேன்.