18 வயசு ஆயிடுச்சா? இனி அவரிடமே கேளுங்க

என் சித்தி மகனோடு சலூனுக்குப் போனால் ஒவ்வொரு முறையும் இது நடக்கும். அவன் நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். கடைக்காரர் என்னைப் பார்த்து, "தம்பிக்கு எப்படி வெட்டணும்?" என்பார். தம்பிக்கு 23 வயது. பக்கவாட்டில் ஒட்ட வெட்டணும், மேலே ரொம்பக் குறைக்கக் கூடாது என்று அவனுக்கு நன்றாகவே தெரியும். சொல்லக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வான், அவ்வளவுதான்.

அறிவுசார் குறைபாடு உள்ளவர்களின் வீட்டில் இருப்பவர்களுக்கு இது புதிதில்லை. டாக்டர், கண்டக்டர், கவுண்டரில் இருப்பவர் என்று எல்லோரும் பக்கத்தில் நிற்பவரிடம்தான் பேசுவார்கள். ஆனால் சட்டம் யாரிடம் பேசுகிறது தெரியுமா? அவரிடமேதான்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 மொத்தம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அறிவுசார் குறைபாடு அதில் ஒன்று. இது மனநோய் அல்ல, எழுத்துகளைப் படிப்பதில் சிரமம் தரும் டிஸ்லெக்சியாவும் அல்ல. அவை இரண்டும் அதே பட்டியலில் தனித்தனியாக இருக்கின்றன. விண்ணப்பத்தில் மாற்றிக் குறிப்பிட்டால் அலைச்சல்தான், கவனமா பாருங்க.

இந்தச் சட்டத்தின் 13-வது பிரிவு முக்கியமானது. சொத்து வைத்திருக்க, வாரிசாகப் பெற, தன் பணத்தைத் தானே நிர்வகிக்க, வங்கிக் கடன் வாங்க என எல்லாவற்றிலும் மற்றவர்களுக்குச் சமமான உரிமை மாற்றுத்திறனாளிகளுக்கு உண்டு என்கிறது. ஓட்டும் அப்படித்தான். 18 வயது நிறைந்தவர் படிவம் 6 கொடுத்து வாக்காளர் பட்டியலில் சேரலாம். தகுதியுள்ள நீதிமன்றம் ஒருவரை 'மனநிலை சரியில்லாதவர்' என்று அறிவித்திருந்தால்தான் பெயர் சேர்க்க முடியாது. குறைபாட்டுச் சான்றிதழ் இருப்பதை மட்டும் காட்டி யாரும் மறுக்க முடியாது.

சரி, பாதுகாவலர் நியமனம், அதாவது 'கார்டியன் சர்டிபிகேட்' விஷயத்துக்கு வருவோம். பெற்றோர் அதிகமாகக் குழம்புவது இங்கேதான்.

பிள்ளைக்கு 18 நிறைந்துவிட்டால் அம்மாவோ அப்பாவோ தானாகவே சட்டப்பூர்வ பாதுகாவலராகத் தொடர முடியாது. தேவைப்பட்டால் தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999-ன் கீழ் விண்ணப்பிக்க வேண்டும். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு இது பொருந்தும். முடிவெடுப்பது மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் அளவிலான குழு. அதில் பதிவுபெற்ற தொண்டு நிறுவனப் பிரதிநிதி ஒருவரும் மாற்றுத்திறனாளி ஒருவரும் இருப்பார்கள்.

'தேவைப்பட்டால்' என்ற சொல்லைச் சும்மா போடவில்லை. இவருக்குப் பாதுகாவலர் வேண்டுமா, வேண்டுமென்றால் எந்தக் காரியத்துக்கு என்ற இரண்டு கேள்விகளையும் குழு பார்த்தாக வேண்டும். தன் கணக்கில் பணம் எடுக்கத் தெரிந்தவருக்கு "எதுக்கும் இருக்கட்டுமே" என்று பாதுகாவலர் போடுவது அவர் கையிலிருந்து ஒன்றைப் பிடுங்குவதுதான் என்பது என் எண்ணம். 2016 சட்டமும் 'வரையறுக்கப்பட்ட பாதுகாவலர்' முறையைத்தான் முன்வைக்கிறது. குறிப்பிட்ட முடிவுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு, இருவரும் பேசி, அவருடைய விருப்பப்படி எடுக்கும் கூட்டு முடிவு அது.

அதே சமயம், தீவிரக் குறைபாடு உள்ள ஒருவரின் பெயரில் பூர்வீக நிலம் இருக்கிறது, பெற்றோருக்கு வயதாகிவிட்டது என்றால் இந்தச் சான்று பெரிய பாதுகாப்பு. வங்கிகளும் அதன் அடிப்படையில் கணக்குத் தொடங்கலாம் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. நியமனமானவர் ஆறு மாதத்துக்குள் அவருடைய சொத்து, கடன் விவரங்களை எழுதித் தர வேண்டும். ஒவ்வொரு நிதியாண்டு முடிந்த மூன்று மாதத்துக்குள் கணக்கும் காட்ட வேண்டும். சொத்தைச் சுருட்டினாலோ, கவனிக்காமல் விட்டாலோ, கொடுமைப்படுத்தினாலோ குழுவிடம் புகார் செய்து அவரை நீக்கலாம். சொந்த அண்ணனாக இருந்தாலும்!

இதற்கெல்லாம் முன்னால் கையில் இருக்க வேண்டியது தனித்துவ அடையாள அட்டை. ஸ்வாவலம்பன் கார்டு இணையதளத்தில் செல்போனிலேயே விண்ணப்பிக்கலாம். போட்டோ, கையெழுத்து அல்லது கைரேகை, ஆதார், முகவரிச் சான்று போதும். பிறகு அரசு மருத்துவமனையில் மதிப்பீடு நடக்கும். நுண்ணறிவுத் திறனோடு, அன்றாட வேலைகளை அவர் எப்படிச் செய்கிறார் என்பதையும் பார்ப்பார்கள். அன்று காலை அவருக்கு உடம்பு சரியில்லை, தூக்கமில்லை என்றால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்க.

அட்டை வந்ததும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்குக் கேட்கலாம். தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவை ஏற்கிறது. வயது வரம்பு கிடையாது, தெரபி செலவும் அடங்கும். அரசு வேலைக்கான 4 சதவீத இடஒதுக்கீட்டில், அறிவுசார் குறைபாட்டையும் உள்ளடக்கிய பிரிவுக்கு 1 சதவீதம் உண்டு.

இன்னொன்று. பொது இடத்தில் ஒரு மாற்றுத்திறனாளியை அவமானப்படுத்தும் நோக்கத்தோடு திட்டினாலோ மிரட்டினாலோ, 92-வது பிரிவின்படி ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை, கூடவே அபராதம். போலீசில் புகார் கொடுக்கலாம். அலுவலகங்களில் உரிமை மறுக்கப்பட்டால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு எழுதலாம். புகாரில் அவர் பெயரையே போடுங்க, கையெழுத்தோ கைரேகையோ அவரே வைக்கட்டும்.

போன மாதம் சலூனில், "அவன்கிட்டயே கேளுங்கண்ணே" என்றேன். கடைக்காரர் கத்தரிக்கோலை வைத்துவிட்டுக் காத்திருந்தார். அரை நிமிஷம் ஆகியிருக்கும். "சைடு மட்டும்" என்றான்.