ஒரு பல் பிசகினால்

மோட்டார் காரின் முன்மூடியைத் திறந்து பார்ப்போர் கண்ணில் படாது, ஓர் உறையின் பின்னே ஒளிந்து உழைப்பது டைமிங் பெல்ட். முன்னர் இவ்வேலையைப் பெரும்பாலும் உருக்குச் சங்கிலியே செய்தது. 1962 ஆம் ஆண்டளவில் ஜேர்மனியின் கிளாஸ் நிறுவனத்தார் தமது 1004 என்னும் காரிலே, சங்கிலியை விடுத்துப் பல் வைத்த இறப்பர் பெல்ட்டைப் பூட்டினர். ஓசை குறைந்தது, எண்ணெயும் வேண்டியதில்லை. ஆனால், இறப்பருக்கு முதுமை உண்டு.

கிராங்குத் தண்டு இருமுறை சுழல, வால்வுகளைத் திறக்கும் காம் தண்டு ஒருமுறை சுழல வேண்டும். இக்கணக்கைக் காப்பதே பெல்ட்டின் கடமை. பல இயந்திரங்களில் வால்வு இறங்கும் இடத்துக்கே பிஸ்டனும் ஏறி வருகிறது. வரும் வேளை மட்டுமே வேறு. பெல்ட் அறுந்தால் இரண்டும் மோதி வால்வுகள் வளையும். வேறு சிலவற்றில் மோதல் நேராது. கார் நடுவழியில் நின்றுவிடும், அவ்வளவே. தம்முடையது எவ்வகை என்பதைச் சொந்தக்காரர் அறிந்திருத்தல் நன்று.

பழைய ஜப்பானியக் கார்கள் பலவற்றுக்கு 1,00,000 கிலோமீற்றர் என்பது தவணை. ஆண்டுக் கணக்கும் உண்டு. ஓடாது நிற்கும் காரிலும் இறப்பர் வெடிக்கும். கைமாறி வந்த காரின் மீற்றரை நம்புவதிலும், பெல்ட் மாற்றிய பதிவு இல்லையெனில் தவணை வந்துவிட்டதாகவே கொள்வது புத்தி.

வீட்டில் இவ்வேலையைத் தொடங்குவோர் இயந்திரம் ஆறிய பின்னர் பற்றறியின் இணைப்பைக் கழற்றுவர். காரை ஜாக்கியில் மட்டும் நிறுத்தாது உறுதியான தாங்கியில் இருத்துவர். வெளிப் பெல்ட்டுகளையும் பிளக்குகளையும் கழற்றியபின், இயந்திரம் வழக்கமாகச் சுழலும் திசையிலேயே கிராங்குத் தண்டைச் ஸ்பானரால் சுழற்றி, முதலாம் பிஸ்டனை உச்சிக்குக் கொணர வேண்டும். அப்போது பற்சக்கரங்களில் உள்ள குறிகள், இயந்திரத்தில் உள்ள குறிகளுக்கு நேராக நிற்கும். அழுக்கில் அவை மறைந்திருப்பின் துடைத்து வெள்ளைப் பூச்சிட்டுக்கொள்ளலாம். குறி நேராகும் முன் பெல்ட்டைத் தொடுதல் ஆகாது. கழற்றிய பின் எந்தத் தண்டையும் அசைத்தல் ஆகாது.

பழைய பெல்ட்டில் எண்ணெய் ஊறியிருந்தால், கசியும் சீலை மாற்றாமல் புதியதைப் பூட்டுவது வீண். பல கார்களில் தண்ணீர்ப் பம்பும் அங்கேயே இருப்பதால், அதையும் அப்போதே மாற்றுவது சிக்கனம்.

புதிய பெல்ட்டை மடித்து முறிக்காது, கிராங்குச் சக்கரத்திலிருந்து தொடங்கி, இழுக்கும் பக்கம் தளராமல் பூட்ட வேண்டும். தளர்வு முழுவதும் இறுக்கும் உருளையின் பக்கமே சேரும். கைநூல் கூறும் அளவுக்கு இறுக்கியபின், அவசரப்பட்டுச் சாவியைத் திருப்புவோரே பெருநட்டம் அடைவர். முதலில் கையினாலேயே கிராங்குத் தண்டை இரண்டு முழுச் சுற்றுச் சுழற்ற வேண்டும். குறிகள் மீண்டும் நேர்பட்டால் வேலை சரி. ஒரு பல் விலகியிருந்தாலும் திரும்பக் கழற்றுவதே வழி. இடையில் எங்கேனும் கடினமாகத் தடுத்தால் வலிந்து திருப்பலாகாது. வால்வில் பிஸ்டன் தொட்டு நிற்கக்கூடும்.

உறையை மூடி இயந்திரத்தை இயக்குகையில் சீழ்க்கை போன்ற ஓசை எழுந்தால் பெல்ட் மிக இறுகியிருக்கலாம். ஓசையின்றி ஓடினால், மாற்றிய திகதியையும் மீற்றர் கணக்கையும் ஒரு சிறு அட்டையில் எழுதி, முன்மூடியின் உட்புறத்தில் ஒட்டிவிட வேண்டியதே மிச்சம்.