ஒரே கூட்டுக்குள் இரு கருவிகள்



திருச்சிராப்பள்ளியிலிருந்து திண்டுக்கல் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ளது எங்கள் அய்யலூர். இங்குள்ள சாலையோரப் பட்டறைகளில் கார்கள் பழுது பார்க்கப்படுவதை நான் ஆவலுடன் கவனிப்பதுண்டு. முன்சக்கரங்களால் இயங்கும் காரில் கியர் பெட்டியையும் டிஃபரன்ஷியலையும் பேணும் முறையே இன்றைய பேச்சின் பொருள்.

டிஃபரன்ஷியல் என்பது யாது? கார் வளைவில் திரும்புகையில் வெளிச்சக்கரம் உட்சக்கரத்தினும் மிகுந்த தொலைவு உருளவேண்டும். இரு சக்கரங்களுக்கும் இடைவெளி 1.2 மீட்டர் எனக் கொள்வோம். கால் வட்டம் திரும்பினால் வெளிச்சக்கரம் ஏறத்தாழ 1.9 மீட்டர் கூடுதலாக ஓடும். வட்டம் பெரிதாயினும் சிறிதாயினும் இவ்வேறுபாடு மாறாது, கணக்கிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே தண்டில் இறுகப் பிணைந்திருப்பின், ஒரு சக்கரமேனும் தரையில் தேய்ந்தே தீரும். எஞ்சினின் ஆற்றலை இரண்டுக்கும் அளித்து, அவை வெவ்வேறு விரைவில் சுழல இடங்கொடுக்கும் பற்சக்கரத் தொகுதியே டிஃபரன்ஷியல்.

அம்பாசிடர் காரில் கியர் பெட்டி முன்னும், டிஃபரன்ஷியல் பின் அச்சின் நடுவிலும் இருந்தன, எண்ணெயும் தனித்தனியே. 1983ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்த மாருதி 800 முன்சக்கரங்களால் இயங்கியது. அதில் எஞ்சின் குறுக்காக அமைய, கியர் பெட்டியும் டிஃபரன்ஷியலும் ஒரே கூட்டுக்குள் அடங்கின. இரண்டுக்கும் எண்ணெய் ஒன்றே. ஆதலின் அது வற்றினால் கெடுவது ஒன்றன்று, இரண்டும் கெடும்.

எண்ணெய் எவ்வழி குறைகிறது? சக்கரங்களுக்குச் செல்லும் அச்சுத்தண்டுகள் கூட்டை விட்டு வெளிவரும் இடங்களில் ஆயில் சீல் எனும் ரப்பர் வளையங்கள் உள்ளன. அவை தேய்ந்தால் எண்ணெய் சொட்டுச் சொட்டாகக் கசியும். எஞ்சின் எண்ணெய்க்கு உள்ளது போன்ற எச்சரிக்கை விளக்கு இதற்குப் பெரும்பாலும் இராது. எனவே சோதனை இன்றியமையாதது.

காரைச் சமதளத்தில் நிறுத்திச் சோதித்தல் வேண்டும். முன்புறத்தை மட்டும் ஜாக்கியால் உயர்த்தினால் மட்டம் பிழைபடும். பல கார்களில் நிரப்பும் துளையின் கீழ் விளிம்புவரை எண்ணெய் நிற்கவேண்டும். எண்ணெய் மாற்றுவோர், நிரப்பும் திருகு கழல்கிறதா என முதலில் பார்த்தபின்னரே வடிக்கும் திருகைத் திறத்தல் நன்று. இல்லையேல் வடித்த பின் நிரப்ப வழியின்றி நிற்க நேரும். வடிக்கும் திருகின் காந்தத்தில் மை போன்ற மெல்லிய இரும்புத்தூள் ஒட்டியிருப்பது இயல்பு. துண்டுகள் இருப்பின் உள்ளே ஏதோ உடைந்துள்ளது என அறிக.

பின்னச்சுக்கென்றே செய்த எண்ணெயை இதில் ஊற்றலாகாது. அதில் மிகுந்துள்ள கந்தகச் சேர்மங்கள் கியர் பெட்டியின் பித்தளை வளையங்களை அரிக்கக்கூடும். காரின் கையேடு குறிக்கும் தரமே தக்கது.

ரப்பர் வளையத்தின் விலை சிறிது. கியர் பெட்டியைப் புதுப்பிக்கும் செலவோ பெரிது. வாடகைக் கார் ஒன்றையே நம்பி வாழும் குடும்பத்துக்கு அது பல நாள் வருவாய். நாளை பட்டறையில் தொழில் கற்கப் புகும் மாணவர்களே, கார் நின்ற தரையில் காணும் ஒரு சொட்டு எண்ணெயையும் அலட்சியம் செய்யாதீர்கள். அது எங்கிருந்து வந்தது எனத் தேடிக் காண்பதே இத்தொழிலின் முதற்பாடம்.