குழந்தைகளின் அறிவுக்குறையும் அதன் காரணமும்

ஒரு குழந்தை உரிய பருவத்தில் பேசாதிருப்பினும், கற்பித்ததை மனத்திற் கொள்ளாதிருப்பினும், நம்மவர் அதனை 'மந்தபுத்தி' என்று சொல்லி விட்டுவிடுகின்றனர். சிலர் தலைவிதி என்பர். சிலர் பெற்றோரின் தீவினைப்பயன் என்பர். பெயரிடுதல் வேறு, காரணங் காணுதல் வேறு. இதனை விளக்கும் மெய்ந்நிகழ்ச்சி ஒன்றை ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றோம்.

நார்வே நாட்டில் ஒரு தாயின் மக்கள் இருவரும், பிறந்தபோது குறையின்றி விளங்கிப் பின்னர் அறிவு வளர்ச்சி குன்றினர். அவர்கள்பால் ஒருவகைத் தீநாற்றமும் வீசிற்று. மருத்துவர் பலரை நாடியும் அத்தாய் விடை பெற்றிலள். எனினும் வினவுதலைக் கைவிட்டிலள். 1934-ஆம் ஆண்டில், மருத்துவமும் இரசாயனமும் ஒருங்கே கற்ற அஸ்பியோர்ன் ஃபோலிங் என்பார் அக்குழந்தைகளின் சிறுநீரில் பெர்ரிக் குளோரைடு என்னும் உப்புக் கரைசலைச் சேர்த்தார். அது பச்சை நிறங் கொண்டது. எதிர்பாராத அந்நிறத்தின் காரணத்தைத் தொடர்ந்து ஆராய்ந்த அவர், பினைல்பைருவிக் அமிலம் அதிற் கலந்திருத்தலைக் கண்டறிந்தார். பினைல்கீட்டோன்யூரியா என இன்று வழங்கும் நோய் இதுவே.

இந்நோயின் இயல்பு யாதெனின், பால், பருப்பு, ஊன் முதலியவற்றின் புரதத்தில் பினைல்அலனின் என்னும் கூறு உளது. அதனை மாற்றுதற்குரிய நொதி ஈரலிற் செயற்படாவிடின், அக்கூறு குருதியில் மிகுந்து, வளரும் மூளையைக் கெடுக்கும். இக்குறை தாய் தந்தை இருவர்வழியும் வருவது; ஆயினும் அவ்விருவரும் பெரும்பாலும் நோயற்றவராகவே இருப்பர். ஆகலின் பழித்தற்குரியார் ஒருவருமிலர்.

1953-ஆம் ஆண்டில் ஹார்ஸ்ட் பிக்கல் முதலியோர், அக்கூறு குறைந்த உணவை இங்கிலாந்தில் ஒரு குழந்தைக்கு அளித்துப் பயன் கண்டதை வெளியிட்டனர். குழந்தை தேறிற்று, ஆயினும் முன்னரே கெட்ட மூளை முற்றும் திருந்தவில்லை. நோயை முந்தியறிதலே மருந்தினும் இன்றியமையாதது என்பது இதனாற் புலனாயிற்று. அறிவுக்குறையுடைய மகனைப் பெற்ற ராபர்ட் கத்ரி என்னும் அமெரிக்க அறிஞர், பச்சிளங்குழந்தையின் குதிகாலிலிருந்து எடுத்த குருதித் துளியைத் தாளில் ஊறவைத்துச் சோதிக்கும் எளிய முறையை வகுத்தார். மாசச்சூசெட்ஸ் மாநிலம் 1963-இல் இத்தகைய சோதனையைச் சட்டமாக்கிற்று. பிறந்த சின்னாட்களிலேயே நோயறிந்து உணவை வரையறுத்தால், குழந்தை ஏனையோரைப் போலக் கற்று வளரும்.

அறிவுக்குறை அனைத்தும் இந்நோயால் வருவனவல்ல. கருவுற்ற தாய்க்கு அயோடின் குறைதல், பிறக்குங்கால் மூச்சுத்திணறல், மூளையுறைக் காய்ச்சல் எனக் காரணங்கள் பல. செவிப்புலன் குன்றிய குழந்தையும் மந்தமுடையதாகத் தோன்றக்கூடும். ஆதலின் செவியையும் கண்ணையும் சோதித்தலும், பிறப்பு வரலாற்றையும் குடும்ப வரலாற்றையும் வினவுதலும், வேண்டுழிக் குருதியை ஆராய்தலும் செய்தல் வேண்டும். பீனே என்பார் 1905-இல் வகுத்தது போன்ற அறிவளவைச் சோதனைகள் குறையின் அளவைக் காட்டுமேயன்றிக் காரணத்தைக் காட்டா.

நார்வே நாட்டுத் தாயின் மக்கள் இருவரும் இவற்றாற் பயன் பெற்றிலர். அவர்களுக்குக் காலங் கடந்துவிட்டது. ஆயினும் அவள் விடாது வினவிய வினாவின் பயனை எண்ணிறந்த பிற தாயரின் மக்கள் பெற்றுள்ளனர். இனி ஒரு குழந்தையை 'மந்தம்' என்று சொல்ல நாவெழுமாயின், 'ஏன்?' என்னும் வினாவை முதற்கண் எழுப்புவோமாக.